ஊமைக் கட்டை

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஓய்வு கொடுத்த அன்று கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். பேச வந்த ஒருவர், இசை மேல் எனக்கு இருந்த தணியாத காதல்தான் ஜொகூர் ரப்பர் காட்டிலிருந்து என்னை அந்த மேடைவரை கொண்டுவந்தது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கழுத்தில் மாலையோடு மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது சொல்கிறேன். காதலுமில்லை, கத்தரிக்காயுமில்லை. ஒரு மனிதரை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்க வேண்டும், அதற்கு அவரை விடக் கூடுதலாகப் படித்திருக்க வேண்டும். அதற்காகப் படித்தேன். ஒவ்வொரு பரீட்சையையும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டே எழுதினேன். ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

அப்பா கெலாங் பாத்தா பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். மருந்து கலக்குவது, கட்டுப்போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது எல்லாம் அவர்தான். நாங்கள் வேதக்காரர்கள். சனிக்கிழமை கிளம்பி ஜொகூர் பாருவில் சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டுத் தோட்டம் திரும்புவோம். எனக்குப் பதினேழு வயதில் எங்கள் தமிழ்க் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியிடம் கொஞ்சம் பழகியிருந்தேன் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் அது. கப்பலில் வந்தது. ஜொகூரின் ஈரத்துக்கு இரும்பு தாங்காது, பித்தளை மட்டும் தாங்குமா? உள்ளே ஓசை எழுப்புகிற பித்தளை நாக்குகளில், ரீடு என்பார்கள், ஒன்று களிம்பு பிடித்துச் செத்துப்போயிருந்தது. நட்ட நடுவில் இருந்த கட்டை. நான் வாசிக்கிற சுருதிக்கு அது 'த', தைவதம். ஸ, ரி, க, ப என்று ஏறிப் போய் அடுத்ததை அழுத்தினால் 'புஸ்' என்று காற்று மட்டும் வரும். வேறு சுருதிக்கு மாற்றி வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது அந்த ஒரு சுருதிதான் தெரியும்.

அதற்கு எனக்கு முன்னால் வாசித்தவர் ஒரு வழி செய்துவைத்திருந்தார். வாசிப்பவருடைய பாட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டை வருகிற இடத்தில் எல்லாம் சுரத்தை அழித்துவிட்டு ஒரு சுழி போட்டிருந்தார். சுழி வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அந்தச் சுரத்தைச் சபையார் தொண்டையாலேயே நிரப்பிவிடுவார்கள். வருஷக்கணக்கில் பழகி, பெட்டி ஊமையாகிற அந்த இடத்தில் மட்டும் எங்கள் ஜனங்கள் மற்ற இடத்தை விட ஒரு பங்கு அதிகமாகக் கத்துவார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் விருந்தாளிகள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து, பாலைக் கொட்டிவிட்டு, பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குழாயடியில் வாளி கழுவ வருவார்கள். கழுவும்போது பாடுவார்கள். அவர்களில் ஒருவர் நன்றாகப் பாடுவார். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். நடவுப் பாட்டு, கங்காணியைக் கிண்டல் செய்கிற பாட்டு, கப்பல் பாட்டு என்று கையில் இருந்தது கொஞ்சநஞ்சமில்லை. நான் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்து, விரல் போன வழியை நோட்டில் எழுதுவேன். ஊமைக் கட்டை வந்தால் சுழி. கோயில் வழக்கம் கைக்கு வந்துவிட்டது. நாற்பது பாட்டுக்கு மேல் சேர்ந்தது. என் வாழ்க்கையில் நானாகச் செய்த முதல் காரியம் அந்த நோட்டு.

அதில் ஒரு பாட்டு அக்கா தானே கட்டியது. அவருடைய பெண் குழந்தை இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது, எங்கள் அப்பாவின் ஆஸ்பத்திரியில்தான். பாட்டு ஸ, ரி, க, ப என்று படி ஏறுகிற மாதிரி ஏறி, உச்சியில் தைவதத்தில் நின்று, குழந்தையின் பெயரை நீட்டிக் கூப்பிடும். பிறகு இறங்கும். ஒவ்வொரு அடியிலும் அப்படித்தான். நான் அந்த இடத்தில் சுரத்துக்குச் சுழி போட்டேன். கீழே வார்த்தைகளை எழுதும்போது, பெயர் வந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். எவருடைய குழந்தைக்கும் பாடத் தோதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பதினேழு வயதில் அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

இந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். பி.ஏ. படித்தவர், இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். அப்போது கடற்பாலம் இல்லை. படகேறி இக்கரைக்கு வந்து எங்களுக்குப் பாட்டு நடத்துவார். நல்ல குரல், அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகும். பிடில் வாசிப்பார். ஆர்மோனியத்தைக் கண்டால் மட்டும் ஆகாது, அதைத் 'தகரப் பெட்டி' என்பார், பக்கத்தில்கூட வரமாட்டார். சபையார் அந்த இடத்தில் கத்தினால் காதைப் பொத்திக்கொள்வார். "ஏன் இப்படி மாடு விரட்டுகிற மாதிரிக் கூச்சல்?" என்று கேட்பாரே தவிர, காரணம் என்ன என்று யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் பிழைத்திருப்பார்.

என் நோட்டைப் பார்த்தார். புரட்டினார். "மூன்று வாரத்தில் தருகிறேன், தங்கச்சி" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. இந்தியாவில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டார் என்று பாதிரியார் அறிவித்து, அவருடைய பிரயாணத்துக்காக ஜெபம் செய்தார். நானும் முழங்கால் போட்டு ஆமென் சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்றரை வருஷம் கழித்துப் பாதிரியார் ஒரு புத்தகம் கொண்டுவந்து என் ஆர்மோனியத்தின் மேல் வைத்தார். "நம்ம சபைக்கு வந்து போனவர் எழுதினது, இன்னைக்கு இதுல இருந்து ஒரு பாட்டு வாசி" என்றார். திறந்தேன். என் நோட்டு. என் நாற்பது பாட்டும் அச்சில். முகவுரையில், மலாய் நாட்டுத் தோட்டங்களில் தான் காடு மேடெல்லாம் அலைந்து திரட்டியதாக எழுதியிருந்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவர் ஒரு தோட்டத்துக்கும் போனதில்லை, செருப்பில் சேறு பட்டுவிடும் என்று.

அக்காவின் பாட்டுக்கு இயேசுவின் பேரில் வார்த்தை போட்டுக் கீர்த்தனையாக்கியிருந்தார். சுழியையும் கோட்டையும் பார்த்து, அங்கே மௌனம் என்று முடிவு கட்டியிருந்தார். அந்த இடத்தில் சபையார் பாடாமல் தலைகுனிந்து நிற்க வேண்டும், அது ஆண்டவருக்கான இடம் என்று அடிக்குறிப்பு வேறு. புத்தகத்தின் கடைசியில் நீளமாக ஓர் ஆராய்ச்சி. தோட்டத்துக் கூலிகளின் பாட்டில் நான்கே சுரங்கள்தான் உண்டு, தைவதம் கிடையாது, மனித குலத்தின் ஆதிப் பண் அதுதான், பாமரரின் தொண்டை அதற்கு மேல் ஏறுவதில்லை என்று எழுதியிருந்தார்.

என் ஊமைக் கட்டையின் மேல் மாளிகை கட்டியிருந்தார் மனிதர். அந்த நிமிஷமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றைக்கு வாசித்தும் கொடுத்தேன். பெயர் வருகிற இடத்தில் மொத்தச் சபையும் தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றது.

கோயில் கமிட்டியிடம் போனேன். தலைமை மூப்பர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "அவரு பி.ஏ. படிச்சவரும்மா. உன் நோட்டுன்னு சொல்றியே, நோட்டு எங்க? இல்லல்ல? பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்க வேணாமா? தீடா அப்பா, விட்டுரு" என்றார். மலாய்க்காரர்கள் பரவாயில்லை என்பதற்குச் சொல்கிற வார்த்தை அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்கள். அவருக்கே கடிதம் எழுதினேன். பதில் வந்தது. நோட்டுப் பிரதி எடுப்பதில் ஒரு சிறு பெண் உதவியதாக நினைவு, அடுத்த பதிப்பில் நன்றி சொல்லப் பார்க்கிறேன் என்றிருந்தது.

பாதிரியார் நல்லவர். பழியைக் கடவுள் பார்த்துக்கொள்வார், நீ மன்னித்துவிடு என்றார். "கடவுளுக்கு வேல அதிகம் ஐயா, இத நானே பாத்துக்கிறேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அப்போதே கட்டையை அழுத்திக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் ஒரு சின்னப் பெண் உளறுகிறாள் என்று போயிருக்கும். ஆறப்போட்டேன். அவர் இன்னும் உயரம் ஏறட்டும், விழுந்தால் எலும்பு மிஞ்சக் கூடாது என்று காத்திருந்தேன். பாலம் போட்டு ரயில் ஓடத் தொடங்கியதும் சிங்கப்பூர் போய்ச் சங்கீதப் பரீட்சைகள் எழுதினேன், அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தேன். ஞாயிறு தவறாமல் ஜொகூர் பாருவுக்கு ரயிலேறி வந்து அதே ஆர்மோனியத்தில் உட்காருவேன். ரீடை மாற்றலாம் என்று கமிட்டி பேச்செடுக்கும் போதெல்லாம் நான் குறுக்கே விழுவேன். "பழகிருச்சு ஐயா, மாத்தினா ஜனங்களுக்குப் பாட்டே தப்பிரும்." பன்னிரண்டு வருஷம் ஒரு செத்த ரீடைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். பிள்ளை பெற்றிருந்தால்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டேன்.

அவர் ஏறிக்கொண்டேயிருந்தார். கச்சேரி, கல்லூரி, பிறகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நான்கு சுரக் கொள்கைதான் அவருக்கு எல்லாக் கதவையும் திறந்தது. ஒருநாள் பாதிரியார் சொன்னார், பேராசிரியர் கிழக்கு நாடுகளில் பிரசங்கச் சுற்று வருகிறார், நம் சபையிலும் ஒரு மாலை பேசுவார் என்று. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வரவேற்புக் கமிட்டியில் முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்தேன்.

தோட்டத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க பாட்ட ஒருத்தர் கெடுத்து வச்சிருக்காரு. வந்து சரியாப் பாடிக் காட்டணும்" என்றேன்.

"எந்தப் பாட்டு? எம்புள்ள பாட்டா?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் வெட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வர்றேன் டீச்சரம்மா" என்றார்.

அந்த மாலை கோயில் நிறைந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தோட்டத்து லாரியில் வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கதவோரம் நின்றார்கள், நடுவில் அக்கா. பேராசிரியர் தொந்தி வைத்து, தங்க பிரேம் கண்ணாடி போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு மணி நேரம் நான்கு சுரத்தைப் பற்றிப் பேசினார். பிறகு கீர்த்தனையைப் பாடினார், நான் வாசித்தேன். மௌனம் வந்தது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். பாட்டு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் பாட்டெல்லாம் எதை வைத்துச் சுரப்படுத்தினீர்கள்?"

"காதை வைத்து, அம்மா. தோட்டங்களில் நேரில் கேட்டு" என்றார்.

"அப்படியானால் தயவுசெய்து இங்கே வந்து இந்தக் கட்டையை அழுத்துங்கள். நான் மிதிக்கிறேன்."

சபை முன்னால் மறுக்க முடியுமா? வந்தார், ஒரு விரலால் அழுத்தினார். புஸ்.

"இன்னொரு தடவை, ஐயா."

புஸ். முன்வரிசையில் யாரோ மலாய்க்காரர் மாதிரி "அலமாக்!" என்று வியந்தார்கள். ஜொகூர் பாருச் சபைக்கு விளக்கம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டை ஊமை என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் பழைய பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு சுழியாகப் படித்தேன். பிறகு அவருடைய புத்தகத்தைத் திறந்து, மௌனம் இருக்கிற இடங்களைப் படித்தேன். "உங்கள் ஆதிப் பண் இந்தப் பெட்டியில் இருக்கிற களிம்பு, ஐயா. என் நோட்டைத் திருடினீர்கள், சரி. திருடியதைப் படிக்கவாவது தெரிந்திருக்க வேண்டாமா?" என்றேன். பன்னிரண்டு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வார்த்தைகள். ஓர் எழுத்துத் தவறவில்லை.

அவர் கட்டையிலிருந்து விரலை எடுத்தார். "ஆராய்ச்சி என்றால் திருத்தம் இருக்கத்தான் செய்யும். அடுத்த பதிப்பில்..." என்று ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை. அக்காவைப் பாடச் சொன்னேன்.

அவர் கதவோரம் நின்றபடியே பாடினார். ஸ, ரி, க, ப என்று ஏறி, தைவதத்தில் போய்ப் பளீரென்று நின்றார். ஏறாத தொண்டை என்று எழுதினாரே, அந்தத் தொண்டை. இரண்டாவது அடியில் அந்தச் சுரம் வந்ததும் எங்கள் சபையும் 'ஆ' என்று சேர்ந்துகொண்டது. பெட்டி ஊமையாகிற இடத்தில் கத்துவதுதான் அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம் ஆயிற்றே! கூரை அதிர்ந்தது. நான் பேராசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டுக்கு மேல் வியர்வை. ஒவ்வொரு தடவை அந்தச் சுரம் வரும்போதும் அவர் கண் ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. அறை வாங்குகிறவன் சிமிட்டுகிற மாதிரி. ஒரு சிமிட்டலைக்கூட நான் தவறவிடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. இதை எழுதும்போது வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது. வெட்கம் வரவில்லை.

வெளியில் லாரிக்குப் பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்தார். "கேட்டீங்களா, டீச்சரம்மா?"

"கேக்காம என்னக்கா! அவரு மூஞ்சியப் பாத்தீங்களா? செத்தாரு மனுஷன்!" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

பேராசிரியர் மறுநாளே ரயிலேறினார். செய்தி அவருக்கு முன்னால் கப்பலேறிவிட்டது. புத்தகத்தின் அடுத்த பதிப்பு வரவேயில்லை. துறைத் தலைமை அவருக்குப் பின்னால் நின்றவருக்குப் போனது. அந்தக் கீர்த்தனையை எங்கள் சபை பாடுவதை நிறுத்தியது. பழைய மூப்பர் ஒருநாள் வழியில் நின்று, "அன்னைக்கே நீ சொன்ன" என்று இழுத்தார். "தீடா அப்பா" என்றேன்.

நாற்பது பாட்டையும் நானே சரியாக எழுதிப் புத்தகமாகக் கொண்டுவர உட்கார்ந்தேன். முதலில் அக்காவின் பாட்டு. ஸ, ரி, க, ப எழுதி, ஜம்மென்று தைவதத்தையும் எழுதினேன். கீழே வார்த்தை எழுதப் போனேன். பேனா நின்றது.

குழந்தையின் பெயர் என்ன? குழாயடியில் எத்தனையோ தடவை கேட்ட பெயர். நோட்டில் நான் கோடு போட்டுவிட்டதால் காகிதத்தில் இல்லை, மனதிலிருந்தும் என்றைக்கோ போய்விட்டிருந்தது. கோயிலில் அக்கா அத்தனை தடவை கூப்பிட்டாரே? அப்போது நான் பேராசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையில் மூன்று பேரை விசாரித்தேன். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். ஒருவர், "பேர யாரு கவனிச்சா, தைவதத்தத்தான கேட்டோம்" என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பழைய பேரேட்டைத் தேடி எடுத்தேன். அப்பாவின் அழகான கையெழுத்தில், 'கூலிக் குழந்தை, பெண், காய்ச்சல்' என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் எழுதப் படித்தவர்கள். இரண்டு பேரும் அந்தப் பெயரை எழுதவில்லை.

அக்காவிடமே போனேன். குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். புத்தகம் போடுகிறேன், உங்கள் பெயரையும் போடுவேன், பாட்டை இன்னொரு தடவை பாடுங்கள் என்று கேட்டேன். பெயர் மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"நோட்ட எடுத்துக்கங்க" என்றார்.

பாடினார். ஸ, ரி, க, ப. அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நீட்ட வேண்டிய நேரம் முழுக்க விரலால் வாளியில் தட்டினார். பிறகு இறங்கினார். அடுத்த அடியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"அக்கா, அந்த எடம்..." என்றேன்.

"அந்த எடத்துல கட்ட ஊமைன்னு நீங்கதான எழுதுனீங்க" என்றார். "எழுதிக்கங்க, டீச்சரம்மா."

எழுந்து வாளிகளை எடுத்துக்கொண்டு, கூலி வீடுகள் வரிசையாக இருந்த லயத்துப் பக்கம் போனார். அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். என் புத்தகம் வந்தது, அதை வைத்துத்தான் பிற்பாடு பல்கலைக்கழகத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது. மாணவர்கள் அந்தப் பாட்டைப் பாடும்போது, உச்சியில் ஏன் வார்த்தை இல்லை என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். பிரதியில் அப்படித்தான் இருக்கிறது, மேலே பாடுங்கள் என்பேன்.